நாய்க்கென்று விற்கும் பழ பிஸ்கட்டில் கிஸ்மிஸ்: பார்த்து வாங்குங்க

கோவைப் பக்கம் வார இறுதி இயற்கைச் சந்தைகளில் நாய்க்கென்றே வீட்டில் செய்த பழ பிஸ்கட் என்று பொட்டலம் போட்டு விற்கிறார்கள். அப்படி ஒரு கடையில் வாங்கியதைத் தின்றுதான் எங்கள் நாய் செவலை மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏறக் கிடந்தது.

வாங்கும்போதே, "இதுல திராட்சை ஏதாவது சேர்க்கறீங்களா?" என்று கேட்டேன். "வாழப்பழம், கேரட்டு, ராகி மாவு மட்டுந்தானுங்க. கொழந்தைக்கே கொடுக்கலாமுங்க" என்றார் கடைக்காரர். பொட்டலத்தில் என்னென்ன சேர்த்திருக்கிறது என்று ஓர் எழுத்துகூட இல்லை. அன்று ராத்திரி செவலை எடுத்த வாந்தியில் ஊறி உப்பிய கிஸ்மிஸ் கிடந்தது. மீதி பிஸ்கட்டை உடைத்துப் பார்த்தால் அதற்குள்ளும் அதேதான்.

திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பச்சையோ கறுப்போ, விதை உள்ளதோ இல்லாததோ, எல்லாமே ஆபத்துதான். காய்ந்தால் நீர் வற்றி விஷம் செறிந்துவிடுவதால் கிஸ்மிஸ் இன்னும் மோசம். இத்தனை தின்றால் பரவாயில்லை என்று அளவு சொல்லவும் வழியில்லை.

மறுவாரம் போய்க் கேட்டபோது, "வாசனைக்குக் கொஞ்சூண்டு போட்டதுங்க. எங்க தோட்டத்து நாயி பந்தல்ல உதிர்ந்ததையே தின்னுட்டு நல்லாத்தான் இருக்குதுங்க" என்கிறார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தொண்டாமுத்தூர் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர்கள் பலரும் இதே பேச்சைப் பேசுவதால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் விஷமாகிறது என்று 2021-லிருந்து கால்நடை மருத்துவர்கள் கருதுகிறார்கள். ரகத்துக்கு ரகம், பழுத்த பக்குவத்துக்குத் தக்கபடி அந்த அமிலம் கூடும், குறையும். அதனால் ஒரு நாய் தப்பிக்கும், இன்னொன்று மாட்டிக்கொள்ளும். புளியிலும் இதே அமிலம் நிறைய இருக்கிறது. புளி உருண்டையையும் நாய்க்கு எட்டாமல் வையுங்கள்.

பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வாந்தி வரும். அப்புறம் சாப்பிடாது, சோர்ந்து படுக்கும். ஒன்றிரண்டு நாளில் சிறுநீர் குறைந்தால் சிறுநீரகம் அடிவாங்கிவிட்டது என்று அர்த்தம். அதனால் தின்றது தெரிந்ததுமே ஓடுங்கள், வாந்தி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சீக்கிரம் போனால் மருத்துவரே ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார். வீட்டில் உப்புத் தண்ணீரை ஊற்றாதீர்கள், உப்பு ரத்தத்தில் ஏறி அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடும். சாதாரணமாக 48 மணி நேரமாவது டிரிப்ஸ் ஏற்றி, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். பொட்டலத்தையும் மீதியையும் கையோடு கொண்டுபோங்கள். நாங்கள் கொண்டுபோனதால்தான் மருத்துவர் யோசித்து நேரத்தை விடாமல் உடனே வைத்தியத்தை ஆரம்பித்தார்.

பழமே கொடுக்கக் கூடாதா என்றால், அப்படியில்லை. வாழைப்பழம், விதை எடுத்த தர்பூசணி, நடுத்தண்டும் விதையும் நீக்கிய ஆப்பிள் எல்லாம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். மாம்பழத்தில் சதை மட்டும்தான், கொட்டையை விழுங்கினால் குடலை அடைத்துவிடும்.

செவலை பிழைத்துவிட்டது. கிரியாட்டினின் இறங்கிவிட்டாலும், இன்னும் ஒருமுறை ரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கடைக்காரர் இன்னும் அதே பொட்டலத்தை, சேர்மானம் எதுவும் எழுதாமலேதான் விற்கிறார். என்ன சேர்த்தது என்று எழுதித் தராதவரிடம் நாய்க்கு எதையும் வாங்காதீங்க.