தொடக்கூடாத தறி

"இது கைத்தறிச் சத்தமில்ல கண்ணு, விசைத்தறி."

இருட்டுக் கூடத்துக்குள் நுழைந்து பத்து எண்ணுவதற்குள் அம்மா சொல்லிவிட்டாள். நாலு சுவரிலும் நூல் நூலாக வெளிச்சம் ஓடுகிறது. தரையெல்லாம் சரிகை மின்னுகிறது. ஸ்பீக்கரில் தடதடவென்று தறி அடிக்கிறது. என் பையன் வாயைப் பிளந்து நிற்கிறான். அம்மா மட்டும் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, கிழிந்த பத்து ரூபாயைக் கையில் வாங்கியவள் மாதிரி முகம் சுளித்தாள். அந்தக் கூடத்துக்கு அப்புறம் வருகிறேன்.

சேலம் ஐந்து ரோட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம். பழைய குடோன் ஒன்றை வாடகைக்குப் பிடித்து, "நம்ம ஊரைத் தொட்டுப் பாருங்கள்" என்று பேனர் கட்டி, மூன்று மாதத்துக்கு இந்தக் கண்காட்சியைப் போட்டிருக்கிறார்கள். பெயரை நான் எழுதப் போவதில்லை. பாராட்டினால் காசு வாங்கிவிட்டாள் என்பார்கள், குறை சொன்னால் வம்பு. நம்மூர்க்காரர்களுக்குப் பேனரைப் பார்த்தாலே தெரிந்துவிடும். பெரியவர்களுக்கு 250 ரூபாய், பிள்ளைகளுக்கு 150. வயதானவர்களுக்குச் சலுகை உண்டா என்று கேட்டேன், இல்லை. செருப்பைக் கழற்றி டோக்கன் வாங்க வேண்டும். உள்ளே ஏசி பலமாக ஓடுவதால் தரை ஐஸ் மாதிரி இருக்கிறது. முட்டி வலி உள்ளவர்களைக் கூட்டிப் போனால் ஒரு ஜோடி சாக்ஸ் எடுத்துப் போங்கள்.

முதல் அறை சினிமா. டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956-ல் அங்கிருந்து வந்த கதை, எல்லாம் சுவரில் ஓடுகிறது. நடுவில் அந்த ஸ்டூடியோ வாசல் வளைவைத் தெர்மகோலில் செய்து வைத்து செல்ஃபி எடுக்கச் சொல்கிறார்கள். அசல் வளைவு ஏற்காடு ரோட்டிலேயே நிற்கிறது, அதோடு படம் எடுக்க யாரும் காசு கேட்பதில்லை. இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டோம்.

அடுத்தது ஏற்காடு. ஸ்டியரிங்கைப் பிடித்து 20 கொண்டை ஊசி வளைவையும் ஏறலாம், சுவரும் தரையும் கூடவே சுழலும். பையன் இரண்டு தடவை ஏறினான். எனக்கு ஏழாவது வளைவிலேயே குமட்டியது, அந்த வகையில் அசலுக்கு ரொம்பப் பக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். மேலே போய்ச் சேர்ந்ததும் "காபிப் பூ வாசம்" என்று ஒன்றைப் பீய்ச்சுகிறார்கள். மார்ச், ஏப்ரலில் ஒரு மழை விழுந்து எட்டுப் பத்து நாளில் காபித் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும்போது அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், கிட்டத்தட்ட மல்லிகை வாசம். இவர்கள் பீய்ச்சியது பாத்ரூமில் மாட்டும் வில்லை.

அதைவிட வருத்தம் வேறு. 1820-களில் காக்பர்ன் என்ற வெள்ளைக்காரக் கலெக்டர் காபி கொண்டுவந்தார் என்று ஒரு சுவர் நிறைய இருக்கிறது. மலையாளி மக்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. (கேரளக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சேர்வராயன் மலையில் காலம் காலமாக இருக்கிற, தமிழ் பேசுகிற பழங்குடிகள்.) மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குப் போனால் மலை யாருடையது என்று புரியும். ஊர்ப் பண்பாடு என்று பேனர் கட்டிவிட்டு அந்த ஊர்க்காரர்களையே விட்டுவிட்டார்கள்.

குகை வண்டி வேடிக்கை அறையில் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆடியில் குகைப் பக்கம் சாமி வேஷம் கட்டி வண்டியில் ஊர்வலம் வருவார்களே, அதுதான். பெரிய கண்ணாடி முன் நின்றால் நம் முகத்துக்குக் கிரீடம், நகை, அரிதாரம் எல்லாம் தானாக ஏறுகிறது. பையனுக்கு முருகன் வந்தது. எனக்கு நாரதர். அம்மா நின்றதும் காளி வந்தது, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அம்மா ஒரு நிமிஷம் அசையாமல் பார்த்துவிட்டு, செருப்பில்லாத காலை இன்னும் ஒழுங்காகச் சேர்த்து வைத்து, கையெடுத்துக் கும்பிட்டாள். பின்னால் வரிசையில் நின்ற காலேஜ் பிள்ளைகள்கூட சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

காசு செரித்தது அடுத்த அறையில். ஜக்கார்டு அட்டை அறை. சேலையின் கரையில் மாங்காயும் மயிலும் வருவது அட்டையால்தான். அட்டையில் ஓட்டை இருக்கிற இடத்தில் இழை மேலே எழும், ஓட்டை இல்லாத இடத்தில் அப்படியே கிடக்கும். குறுக்கே ஓடுகிற ஒவ்வொரு ஊடை இழைக்கும் ஓர் அட்டை, வரிசையாகக் கோத்துத் தறி மேல் தொங்கும். பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804-ல் செய்த உபாயம், அம்மாப்பேட்டை வரை வந்திருக்கிறது. இங்கே பிள்ளைகளுக்குச் சின்ன அட்டையும் துளை போடும் கருவியும் கொடுக்கிறார்கள். போட்ட அட்டையை ஒரு சந்தில் நுழைத்தால், அந்த வரி எதிர்ச் சுவரில் துணியாக விரிகிறது. பதினாறு அட்டை போட்டால் ஒரு புட்டா, அதாவது துணியில் வருகிற ஒரு சின்ன உரு, முழுசாகும்.

என் பையன் மாங்காய் போட்டான். ஒன்பதாவது அட்டையில் ஒரு ஓட்டை தப்பாக விழுந்து, மாங்காய்க்கு வால் முளைத்தது. அவன் அழத் தயாராவதற்குள் அம்மா, "இதுக்கெல்லாம் தாத்தா என்ன பண்ணுவாரு தெரியுமா சாமி? அட்டையில ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி ஓட்டைய அடைச்சிடுவாரு" என்றாள். அங்கிருந்த பெண்ணிடம் செல்லோடேப் கேட்டு வாங்கி ஒட்டினோம். வால் போய்விட்டது. அதற்குள் பக்கத்தில் இரண்டு குடும்பம் கூடிவிட்டது, அம்மா அரைமணி நேரம் பாடம் எடுத்தாள். 250 ரூபாய் கொடுத்து உள்ளே வந்தவள் அவள்!

சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் வீடு அம்மாப்பேட்டையில் தறி வீடு. அப்பா வெண்பட்டு வேட்டி நெய்தார், அம்மா முப்பது வருஷத்துக்கு மேல் தார் சுற்றினாள், அதாவது ஊடை நூலைச் சின்னக் குச்சியில் சுற்றிக் கொடுத்தாள். ஸ்கூல் விட்டு வந்ததும் நானும் ராட்டை முன்னால் உட்காருவேன். அப்பா போனதும் தறியைப் பிரித்துக் கொடுத்துவிட்டோம். நெய்கிறவர் கால் வைக்கிற தறிக் குழியில் மண் கொட்டி சிமெண்ட் பூசினோம். இப்போது அதன் மேல் ஃப்ரிட்ஜ் நிற்கிறது. நான் முன்அறையில் டிடிபி, ஜெராக்ஸ் போடுகிறேன். அதனால்தான் தறிக் கூடத்து வாசலில் ஆறடி ஃபிளெக்ஸில் "நெசவாலர்" என்று இருந்ததைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. இருபது ரூபாய்க்கு நான் திருத்திக் கொடுத்திருப்பேன்.

தறிக் கூடத்துக்கு வருகிறேன். தரையில் இரண்டு வட்டம் ஒளிர்கிறது, மாற்றி மாற்றி மிதித்தால் சுவரில் துணி வளரும் என்று ஒரு பையன் மைக்கில் சொல்கிறான். எல்லாரும் குதிக்கிறார்கள், துணி வளர்கிறது. அம்மா ஏறினாள். தறியில் மிதிக்கிற மாதிரியே, குதிகாலை ஊன்றி முன்பாதத்தை மட்டும் அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. சென்சாருக்குக் காலைத் தூக்கி வைத்தால்தான் தெரியுமாம்.

"பாட்டி, நல்லா குதிங்க பாட்டி!"

"குதிச்சா தறி உடைஞ்சிரும் சாமி" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

சத்தமும் தப்புத்தான். கைத்தறிக்கு மூச்சு உண்டு. மிதியடி ஒரு கிறீச், கயிற்றை இழுத்ததும் ஊடை நூலைச் சுமக்கிற நாடா ஓடுகிற சர், பலகை வந்து அடிக்கிற டக். நடுவில் நெய்கிறவர் துணியைத் தடவிப் பார்ப்பார், வெற்றிலையை ஒதுக்குவார், பக்கத்து வீட்டோடு ஒரு வார்த்தை பேசுவார். அவர்கள் போட்டது நிற்காமல் ஓடுகிற மிஷின். விசைத்தறியும் நம்மூர்ச் சத்தம்தான், அதை மட்டமாகச் சொல்லவில்லை. ஆனால் சுவரில் கைத்தறி என்று எழுதிவிட்டு அதைப் போடக்கூடாது.

கூடத்தின் மூலையில், வெளிச்சமே படாத இடத்தில், அசல் தறி ஒன்று இருந்தது. பாவு (நீளவாட்டு நூல்) ஏற்றி, ஒரு சாண் நெய்து, அப்படியே விட்டிருந்தார்கள். சுற்றிலும் கயிறு. "தொடாதீர்கள்" என்று போர்டு. தொட்டுப் பார்க்கச் சொல்லி ஊரெல்லாம் பேனர் கட்டியவர்கள், கட்டடம் முழுக்கத் தேடிப் பிடித்து அந்த ஒன்றை மட்டும் தொடாதே என்கிறார்கள்.

தாரமங்கலம் கைலாசநாதர் கோயில் இங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்குள். கெட்டி முதலிகள் கட்டியது. ஒரு தூணில் வாலியும் சுக்ரீவனும், தள்ளி இன்னொரு தூணில் வில்லோடு ராமன். ராமன் பக்கம் நின்றால் வாலி தெரிவான், வாலி பக்கம் நின்றால் ராமன் தெரிய மாட்டான். யாளி வாய்க்குள் கல் உருண்டை, விரலை விட்டு உருட்டலாம், வெளியே வராது. சென்சார் இல்லை, டிக்கெட் இல்லை, எத்தனை தலைமுறை விரல் பட்டும் வேலை செய்கிறது. இந்தக் குடோனை வடிவமைத்தவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ச் சும்மா நடந்துவிட்டு வந்தால் நல்லது.

கடைசியில் கேண்டீன். தட்டுவடை செட் பேப்பர் கப்பில் 70 ரூபாய், பீட்ரூட் துருவல் காய்ந்திருந்தது, பச்சைச் சட்னி என்ற பெயரில் தண்ணீர். வெளியே வந்து தள்ளுவண்டியில் சாப்பிடுங்கள்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், அதில் இரண்டு அட்டை அறைக்கு. எட்டு வயதுக்கு மேல் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் போங்கள். ஞாயிறு சாயந்திரம் வேண்டாம், அட்டை அறையில் இடம் கிடைக்காது. சினிமா அறையையும் ஏற்காட்டையும் ஓடிக் கடந்துவிட்டு நேரத்தை அங்கே செலவழியுங்கள்.

தறிக் கூடத்திலும் அந்த மூலைக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். நாங்கள் போனபோது பாவில் ஓர் இழை அறுந்து தொங்கியது. பையனைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அம்மா கயிற்றுக்குக் கீழே குனிந்து உள்ளே போனாள். மைக் பையன் ஓடி வருவதற்குள் இரண்டு நுனியையும் சேர்த்து, எச்சில் தொட்டு முறுக்கி, முடிந்து, நகத்தால் நீவிவிட்டு வெளியே வந்துவிட்டாள். இடது கரையிலிருந்து நாலு விரல் தள்ளி, கடுகு அளவு ஒரு முடிச்சு. மொபைல் லைட் அடித்தால் தெரியும்.