க்ளோன் என்று சொல்லி என் தலையில் கட்டியது

லேப்டாப்பில் இருந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஆமை வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதைவிடப் பல மடங்கு வேகமான எஸ்எஸ்டி டிஸ்க், 256 ஜிபியில் ஒன்றைப் போட்டு, விண்டோஸை இருக்கிறபடியே அதற்கு மாற்றித் தரச் சொல்லி ஒரு சர்வீஸ்காரரிடம் கொடுத்தேன். பழைய டிஸ்க் ஃபோட்டோக்களுக்காக உள்ளேயே இருக்கட்டும். "ஃபார்மேட் வேண்டாம், க்ளோன்தான் வேண்டும்" என்று இரண்டு தடவை சொன்னேன். தலையை ஆட்டினார்.

மறுநாள் கைக்கு வந்தது. அதே வால்பேப்பர், டெஸ்க்டாப்பில் அதே ஃபோல்டர்கள், கண்மூடித் திறப்பதற்குள் பூட். பில்லில் விண்டோஸுக்கென்று தனியாக ஒரு தொகை இருந்தது. க்ளோனுக்கு எதற்கு விண்டோஸ் காசு என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். வேகத்தில் மயங்கிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து பிரின்ட் எடுக்கப் போனால் பிரின்டரைக் காணோம். பிரவுசரில் சேமித்திருந்த பாஸ்வேர்டு ஒன்றுகூட இல்லை. செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தேன். ஹோம் எடிஷன் இருந்த இடத்தில் புரோ. அதற்குக் கீழே, உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை வழியாக விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று ஒரு வரி. எந்த நிறுவனம் சாமி? என் மகள் ஹோம்வொர்க் செய்கிற லேப்டாப் இது.

பெரிய அலுவலகங்களுக்கென்று இருக்கும் கேஎம்எஸ் முறையைப் போலியாக ஓட்டும் திருட்டு ஆக்டிவேட்டர்தான் அது. அந்த முறையில் ஆக்டிவேஷன் 180 நாள்தான் தாங்கும், அதற்குள் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காக ஏதோ ஒன்று பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. விண்டோஸ் செக்யூரிட்டியில் பார்த்தால், அந்த ஆக்டிவேட்டர் இருக்கும் ஃபோல்டரை மட்டும் ஸ்கேன் செய்யாதே என்று விலக்குப் பட்டியலில் சேர்த்து வைத்திருக்கிறார். வயிற்றைக் கலக்கிவிட்டது. இத்தனைக்கும் எனக்கு விண்டோஸ் லைசென்ஸ் கீயே தேவையில்லை. 2012-ல் விண்டோஸ் 8 வந்த பிறகு, விண்டோஸோடு விற்கப்படும் லேப்டாப்புகளில் கீ மதர்போர்டிலேயே பதிந்து வருகிறது. டிஸ்க்கை மாற்றினால் அது எங்கும் போய்விடாது.

இதைவிடப் பெரிய கூத்து பிறகுதான். பழைய டிஸ்க்கைத் துடைத்துவிட்டுச் சுத்தமாகப் பயன்படுத்தலாம் என்று இருந்தேன். ஏதோ ஒரு சந்தேகத்தில் முதலில் அதைக் கழற்றிவிட்டு ஆன் செய்தேன். கறுப்புத் திரை, பூட் செய்ய டிவைஸ் இல்லை என்றது. திரும்ப மாட்டி டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால், விண்டோஸ் பூட் ஆகத் தேவையான ஃபைல்கள் இருக்கும் 100 எம்பி இஎஃப்ஐ பார்ட்டிஷன் பழைய டிஸ்க்கில்தான் இருக்கிறது. பழைய டிஸ்க் மாட்டியிருக்கும்போதே எஸ்எஸ்டியில் புதிதாக விண்டோஸ் போட்டால், பூட் ஃபைல்களை இன்ஸ்டாலர் ஏற்கெனவே இருக்கும் அந்தப் பார்ட்டிஷனில் கொண்டுபோய் வைத்துவிடும். என் பழைய விண்டோஸும் அங்கேயே முழுசாக இருந்தது. பூட் மெனு கண்ணில் படாமல் மறைத்துவிட்டு, ஃபோல்டர்களையும் வால்பேப்பரையும் மட்டும் காப்பி அடித்திருக்கிறார். துடைத்திருந்தால் இரண்டும் போயிருக்கும்.

போய்க் கேட்டேன். "பெருசுலேர்ந்து சின்னதுக்கு க்ளோன் ஆகாது சார். ஸ்பீடா இருக்குல்ல, அப்புறம் என்ன?" என்றார்.

ஆகும். டிஸ்க்கின் மொத்த அளவு அல்ல, அதில் நிரம்பியிருக்கும் அளவுதான் கணக்கு. 256 ஜிபி என்பது விண்டோஸில் 238 என்று காட்டும். என் சி டிரைவில் இருந்தது 110 சொச்சம். எஸ்எஸ்டிக்குள் அடங்கும்படி சி பார்ட்டிஷனைச் சுருக்கப் போனால் ஓரிடத்துக்கு மேல் நகராமல் முரண்டு பிடிக்கும், அது உண்மை. ஹைபர்னேஷன் ஃபைல், பேஜ் ஃபைல், ரெஸ்டோர் பாயின்ட் எல்லாம் நடுவில் உட்கார்ந்திருக்கும். அவற்றைத் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்தால் வழிவிடும். நானே அப்படிச் சுருக்கி, இஎஃப்ஐ, சி, ரெகவரி மூன்றையும் சேர்த்து எஸ்எஸ்டிக்கு மாற்றினேன். அரை நாள் ஆனது. பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுத்தான் முதல் பூட். பிரின்டரும் பாஸ்வேர்டுகளும் திரும்பி வந்தன. உங்கள் லேப்டாப்பில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் டிவைஸ் என்கிரிப்ஷன் ஆன் ஆகியிருந்தால், யார் கையில் கொடுப்பதற்கு முன்னாலும் அந்தப் பூட்டைத் திறக்கும் 48 இலக்க ரெகவரி கீயை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸுக்கு வாங்கிய காசை முணுமுணுத்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார். எஸ்எஸ்டி விஷயத்தில்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை. டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளில் பார்த்தபோது, புதுசு என்று விற்ற அந்த எஸ்எஸ்டி ஏற்கெனவே 9,000 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருந்தது. ஒரு வருஷத்துக்கு மொத்தமே 8,760 மணி நேரம்தான். "இது நான் கொடுத்த எஸ்எஸ்டியே இல்லை சார்" என்றார். பில்லை எடுத்துப் பார்த்தேன். "எஸ்எஸ்டி 256 - 1" என்று மட்டும் எழுதியிருந்தது. கம்பெனி பெயர் இல்லை, சீரியல் நம்பர் இல்லை.