ஸ்கீயன் டூவா, டர்க்கா: உலையில் முதலில் எதை வைப்பது?

ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக் கத்திகளைப் பொழுதுபோக்காக அடித்துப் பழக விரும்புவோர், கில்ட் எனும் பாவாடை போன்ற உடையின் காலுறை விளிம்பில் செருகும் ஸ்கீயன் டூவில் தொடங்குவதா, இடுப்பில் தொங்கும் நீண்ட டர்க்கில் தொடங்குவதா என்று தயங்குகிறார்கள்.

செலவு
ஸ்கீயன் டூ: கத்தியின் அலகு ஏறத்தாழ 8 முதல் 10 செ.மீ.; சிறு எஃகுத் துண்டே போதும்.
டர்க்: அலகு பெரும்பாலும் 30 செ.மீ. அளவு, எஃகு, எரிபொருள், நேரம் மூன்றும் கூடும். பழைய டர்க்குகள் சில, வாள் அலகைக் குறுக்கிச் செய்யப்பட்டவை.

தோய்ச்சல் (சிவக்கச் சூடேற்றிய அலகை எண்ணெயில் அமிழ்த்திக் கடினமாக்குவது)
ஸ்கீயன் டூ: எளிய உலையிலேயே சீராகச் சிவக்கும், சூடேறிய எஃகில் காந்தம் ஒட்டாத நிலையைச் சற்றே கடந்ததும் வெதுவெதுப்பான எண்ணெயில் நேராக இறக்கிவிடலாம்.
டர்க்: மெலிந்த நுனி முந்திக்கொண்டு சிவந்துவிட, தடித்த அடிப்பகுதி பின்தங்கும். அலகை உலைக்குள் முன்னும் பின்னும் இழுத்து, முழு நீளமும் ஒரே நிறத்துக்கு வரும்வரை காத்திருக்காமல் தோய்த்தால் அது கோணிக்கொள்ளும். பல நாள் உழைப்பு அந்த நொடியில் வீணாகலாம்.

பிடியும் உறையும்
ஸ்கீயன் டூ: ஒரு துண்டு மான்கொம்பும் எளிய தோலுறையும் போதும்.
டர்க்: சதுப்பில் புதைந்து கறுத்த ஓக் மரத்தில், ஒன்றன் மேலும் கீழுமாக ஓடும் பின்னல் பட்டைகளைச் செதுக்கி, அவற்றின் இடைவெளிகளில் சிறு ஆணிகளைப் பதிப்பார்கள். இந்த வேலைப்பாட்டின் அழகுக்கு ஈடில்லை என்பது என் உறுதியான எண்ணம். உறையில் சிறு கத்திக்கும் முள்கரண்டிக்கும் இடம் வைப்பதும் வழக்கம்.

உலைக்குப் புதியவர்கள் ஸ்கீயன் டூவையே எடுக்கட்டும். மரச்செதுக்கலில் கை தேர்ந்து, நீண்ட உலையும் வைத்திருப்பவர்கள் டர்க்கைத் தயங்காமல் தொடங்கலாம்.