பொங்கலுக்குச் சென்னையிலிருந்து நெல்லைக்கு: ரயிலா, அரசுப் பேருந்தா, ஆம்னியா, சொந்தக் காரா?

தாத்தா, ஆச்சி, மகன், மருமகள், பத்து வயதில் ஒன்று, நான்கு வயதில் ஒன்று. ஆறு பேர் சென்னையிலிருந்து கிளம்பி, திருநெல்வேலி தாண்டி ஒரு கிராமத்தில் நாலு நாள் தங்கித் திரும்ப வேண்டும். அங்கே சித்தப்பா, அத்தை வகையறா என்று வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். இந்த ஆறு பேருக்கு எது தோது?

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஆறு பேரும் ஒரே வண்டியில்தான் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிற குடும்பம்தான் அதிகம் செலவழித்து, அதிகம் அலைகிறது. பெரியவர்களுக்கு ரயில், மற்றவர்களுக்குக் கிடைப்பது என்று பிரித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் அவிழ்ந்துவிடும். ஏன் என்பது ஒவ்வொன்றாகப் பார்த்தால் புரியும்.

ரயில்: கிடைத்தால் அதற்கு மேல் எதுவும் இல்லை

முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்தது 2024 நவம்பர் 1 முதல் 60 நாளாகிவிட்டது. பயண நாளைச் சேர்க்காமல் எண்ண வேண்டும். ஜனவரி 13 இரவு வண்டி வேண்டுமென்றால் நவம்பர் 14 காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். போகி, பொங்கலை ஒட்டிய இரவு வண்டிகளில் படுக்கைப் பெட்டி சில நிமிடங்களில் காத்திருப்புக்குப் போய்விடும். எட்டு மணிக்கு உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகத் தட்டச்சு செய்தால் கதை முடிந்தது. ஆதாரோடு இணைத்த ஐஆர்சிடிசி கணக்கு, முன்னாலேயே சேமித்துவைத்த பயணிகள் பட்டியல், பணம் போட்டுவைத்த ஐஆர்சிடிசி வாலட் ஆகிய மூன்றும் முந்தின நாளே தயாராக இருக்க வேண்டும். வங்கிப் பக்கம் திறந்து ஓடிபி வந்து சேர்வதற்குள்தான் பலருக்கு இருக்கை கைநழுவுகிறது.

இன்னொரு கண்ணி கீழ்ப் படுக்கை. 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் அந்த டிக்கெட்டில் அத்தகையவர்கள் மட்டுமே இருக்க வேண்டும், அதுவும் அதிகபட்சம் இரண்டு பேர். தாத்தா, ஆச்சியோடு மகனையும் பேரனையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு கணக்கில் வராது; முழங்கால் வலியோடு இருக்கிற ஆச்சிக்கு மேல் படுக்கை விழுந்தாலும் கேட்க முடியாது. ஆகவே பெரியவர்கள் இருவருக்கும் தனி டிக்கெட், மற்றவர்களுக்குத் தனி டிக்கெட். இரண்டும் வேறு வேறு பெட்டியில் விழ வாய்ப்பு உண்டு. விழட்டும். பெட்டி மாறி உட்காருவது ஒரு இரவுச் சங்கடம். ஏணி ஏறி இறங்குவது வேறு விஷயம். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது, ஆகவே பெரியவர்களுக்கும் முழுக் கட்டணம்தான்.

பிள்ளைகள் கணக்கு: ஐந்து வயதுக்குக் கீழே தனிப் படுக்கை கேட்காவிட்டால் இலவசம். ஐந்திலிருந்து பன்னிரண்டுக்குள் தனிப் படுக்கை எடுத்தால் முழுக் கட்டணம், இல்லையென்றால் பாதி. பத்து வயதுப் பையனுக்குப் பாதிக் கட்டணம் கட்டி அம்மாவோடு ஒரே படுக்கையில் போட்டால் இருவருக்கும் தூக்கம் போச்சு.

எந்த வண்டி? நெல்லை எக்ஸ்பிரஸையே எல்லாரும் குறிவைப்பதால் கன்னியாகுமரி, அனந்தபுரி வண்டிகளையும் சேர்த்துப் பாருங்கள். அவையும் நெல்லை வழிதான். ஊர் தென்காசிப் பக்கம் என்றால் பொதிகையில் தென்காசியில் இறங்குவது நேர்வழி. தூத்துக்குடி போகும் முத்துநகரில் வாஞ்சி மணியாச்சியில் இறங்கினாலும் நெல்லைக்கு முப்பது கிலோமீட்டர் போலத்தான். ஆள் அனுப்பி அழைத்துக்கொள்ள ஊரில் உறவு இருப்பதன் பயன் இதில்தான்.

காத்திருப்பில் விழுந்தால் எண்ணை மட்டும் பார்க்காமல், எந்த வகைப் பட்டியல் என்பதையும் பாருங்கள். வண்டி கிளம்பும் இடத்திலிருந்து கடைசி வரை போகிறவர்களுக்கான பொதுப் பட்டியல் (ஜிஎன்டபிள்யூஎல்) வேகமாக நகரும். இடைப்பட்ட ஊர்களுக்கான பிக்யூடபிள்யூஎல் மெதுவாகவே நகரும். பொங்கலுக்கு முந்தின இரவுகளில் ஊருக்குப் போகிறவர் யாரும் டிக்கெட்டை ரத்து செய்வதில்லை என்பதால், மூன்று இலக்கத்துக்குப் போன எண்ணை நம்பி வேறு ஏற்பாடு செய்யாமல் இருக்காதீர்கள். இணையத்தில் எடுத்த டிக்கெட்டில் ஒருவருக்குக்கூட இடம் உறுதியாகாமல் இறுதிப் பயணிகள் பட்டியல் (சார்ட்) வந்துவிட்டால் அது தானாகவே ரத்தாகும். அதை வைத்து வண்டி ஏற முடியாது. ஆர்ஏசி என்றால் பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கையில் இருவர் உட்கார்ந்து போக வேண்டியிருக்கும். இரண்டு இளவட்டங்களுக்குச் சரி.

தட்கல் பயண நாளுக்கு முந்தின நாள் திறக்கும். ஏசிக்குக் காலை 10, மற்றதற்கு 11. 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கு மட்டுமே. ஒரு டிக்கெட்டில் நான்கு பேர்தான். உறுதியான தட்கலை ரத்து செய்தால் பணம் திரும்பாது. நள்ளிரவுக்குப் பிறகு திருச்சியில் ஏறுகிறவர்கள் தவறுகிற இடம் ஒன்று உண்டு: தட்கல் நாள் வண்டி கிளம்பும் எழும்பூர்த் தேதியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 13-ஆம் தேதி இரவு எழும்பூரில் கிளம்பும் வண்டியில் 14 அதிகாலை ஏறுபவர், 12-ஆம் தேதி காலையிலேயே பதிய வேண்டும்.

வந்தே பாரத் பகல் வண்டி, நாற்காலி மட்டும். சென்னை–நெல்லை வண்டி 2023 செப்டம்பரில் தொடங்கியது. எட்டு மணி நேரத்துக்குள் சேர்த்துவிடும், செவ்வாயன்று ஓடாது. நெல்லைக்கு இரவு பத்தரை மணி வாக்கில் வந்து இறங்கியபின் கிராமத்துக்கு டவுன் பஸ் ஏது? கார் வைத்துக்கொண்டு யாராவது சந்திப்பில் காத்திருக்க வேண்டும். அதற்கு வழியில்லை என்றால், அதிகாலையில் கிளம்பும் நாகர்கோவில் வந்தே பாரத்தில் மதியத்துக்குள் நெல்லையில் இறங்குவது மேல். முதுகுவலிக்காரர்களுக்கு இரண்டுமே கஷ்டம், எட்டு மணி நேரம் கால் நீட்ட முடியாது.

நவம்பரில் தவறவிட்டவர்களுக்குச் சிறப்பு ரயில்கள் உண்டு. அறிவிப்பு வந்ததும் முன்பதிவு எந்த நாள் திறக்கிறது என்று பார்த்துவையுங்கள். சில சிறப்பு வண்டிகளுக்குக் கட்டணம் கூடுதல். வழக்கமான வண்டிகளுக்கு வழிவிட்டு நிற்பதால் தாமதமும் சகஜம். பல தாம்பரத்திலிருந்து கிளம்பும், எழும்பூருக்குப் போய் நிற்காதீர்கள். பெட்டி ஒன்று, பை ஒன்று என்று தனியாகப் போகும் வாலிபர்களுக்குத் தாம்பரம்–நாகர்கோவில் அந்தியோதயா இருக்கிறது. பெரும்பாலும் முன்பதிவில்லாப் பெட்டிகள், மயிலாடுதுறை, தஞ்சாவூர் வழியாகச் சுற்றிப் போகும். குடும்பத்தோடு அதில் ஏற நினைக்க வேண்டாம்.

அரசுப் பேருந்தும் ஆம்னியும்

அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்தின் (எஸ்இடிசி) முன்பதிவு 90 நாளுக்கு முன்பே திறக்கிறது, அதாவது ரயிலுக்கு ஒரு மாதம் முந்தி. இதைப் பலரும் பயன்படுத்துவதில்லை. அக்டோபரிலேயே இரண்டு இருக்கை போட்டு வைத்துவிட்டு, நவம்பரில் ரயில் கிடைத்தால் ரத்து செய்யலாம்; பிடிக்கும் தொகை பண்டிகை நாள் ஆம்னிக் கட்டணத்தோடு பார்த்தால் ஒன்றுமில்லை. முன்பதிவே இல்லாவிட்டாலும் பண்டிகைச் சிறப்புப் பேருந்துகளில் கிளாம்பாக்கத்தில் போய் ஏறிவிடலாம். அதுதான் அரசுப் பேருந்தின் பலம்: கட்டணம் அன்றைக்கும் அரசு நிர்ணயித்ததே.

ஆம்னிகள் ஒப்பந்த ஊர்தி உரிமத்தில் ஓடுவதால் அவற்றுக்கு அரசு கட்டணம் நிர்ணயிப்பதில்லை. உரிமையாளர் சங்கங்கள் உச்சவரம்பு அறிவிக்கும், ஆனாலும் சாதாரண நாளில் பார்த்த தொகை பண்டிகைக்கு இரண்டு மூன்று மடங்காகத் திரையில் நிற்கும். ஆறு பேருக்குப் பெருக்கிப் பாருங்கள். பதிலுக்குக் கிடைப்பது மெத்தையும் ஏசியும், கொஞ்சம் வேகமும். அந்த வேகமும் பெருங்களத்தூரிலிருந்து செங்கல்பட்டு வரை வண்டி ஊரும்போது செல்லாது. நெரிசலில் அரசு, தனியார் என்ற பேதம் இல்லை. சாதாரண நாளில் பத்துப் பதினொரு மணி நேரம் பிடிக்கிற பயணத்துக்குப் பண்டிகை இரவில் இன்னும் மூன்று மணி நேரம் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

ஆம்னிதான் என்று முடிவானால் பின்சக்கரத்துக்கு மேலேயும் அதற்குப் பின்னேயும் உள்ள படுக்கைகளைத் தவிருங்கள். ஒவ்வொரு வேகத்தடைக்கும் உடம்பு எகிறும். ஏறுமிடம் எது என்று கிளம்பும் நாள் மதியம் போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். அவசர வழி எந்தப் பக்கம் என்று ஏறியதும் ஒரு தடவை பார்த்து வைப்பது நல்லது.

இரண்டு வகைப் பேருந்துக்கும் பொதுவான குறை கழிப்பறை. இரவில் ஓட்டலில் ஒரு தடவை நிறுத்துவார்கள், அவ்வளவுதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள், நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதற்குப் பயந்து சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருந்து, காலையில் தலைசுற்றலோடு இறங்குவது வழக்கமான காட்சி. பெரியவர்களுக்கு ரயில்தான் என்று முதலிலேயே சொன்னதற்கு முக்கியக் காரணம் இதுதான்.

சொந்தக் கார்

சாலை வழி சுமார் 625 கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினாறு தரும் பெட்ரோல் கார், ஆளும் சாமானும் ஏசியுமாகப் போனால் பதினான்குக்கு இறங்கும். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் ஒரு வழிக்கு 4,500 ரூபாய். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி, கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர் என்று சுங்கச்சாவடி வரிசையாக வரும். 2025 ஆகஸ்டில் 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் 200 கடப்புகளுக்கு. ஒரு கடப்புக்குப் 15 ரூபாய்தான் விழுகிறது. வருடத்தில் இரண்டு தடவை ஊருக்குப் போகிறவர்களுக்கு அது லாபம். ஃபாஸ்டேக்கில் பணம் இல்லாமல் சாவடியில் போய் நின்றால், 2025 நவம்பரில் வந்த விதிப்படி ரொக்கத்துக்கு இரண்டு மடங்கு, யுபிஐ என்றால் ஒன்றேகால் மடங்கு.

ரயிலில் நான்கு வயதுக்குக் கட்டணம் இல்லை; மற்ற ஐந்து பேருக்கு ஒரு வழிக்குப் படுக்கைப் பெட்டி சுமார் 2,000 ரூபாய், மூன்றடுக்கு ஏசி சுமார் 5,500 ரூபாய். ஆகவே ‘கார்தான் மலிவு’ என்ற வாதம் ஆம்னியோடு ஒப்பிட்டால் மட்டுமே செல்லும். ஐந்து பேர் காரில் ஆறு பேர் என்றால் சின்னது மடியில்தான். நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகத்தில் திடீர் பிரேக் போட்டால் மடியில் இருக்கும் குழந்தையை எந்தக் கையாலும் பிடித்து நிறுத்த முடியாது. அதற்காகவாவது இருவரை ரயிலில் அனுப்புங்கள்.

கார் எங்கே வெல்கிறது என்றால் ஊரில். குலதெய்வம் கோயில், பெரியம்மா வீடு, பெண் எடுத்த ஊர் என்று காணும் பொங்கலுக்குள் நாலு ஊர் போக வேண்டியவர்களுக்குக் கை கொடுக்கும். வெறுமனே ஒரே வீட்டில் இருக்கப் போகிறவர்களுக்கு அது வாசலில் வெயில் காயும். டவுன் பஸ் போதும், சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு அதுவும் இலவசம்.

புறப்படும் நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். விடுமுறைக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறிலிருந்து நள்ளிரவு வரை ஜிஎஸ்டி சாலையில் இறங்காதீர்கள். அலுவலகம் முடிந்து வந்து, சாப்பிட்டு, பத்து மணிக்கு வண்டி எடுப்பது மிக மோசமான தேர்வு: நெரிசலில் மூன்று மணி நேரம் கிளட்ச் மிதித்துக் களைத்த பிறகு, கண் சொருகும் இரண்டிலிருந்து ஐந்து மணிக்குள் உளுந்தூர்பேட்டைக்கும் திருச்சிக்கும் நடுவே இருப்பீர்கள். இரவு தூங்கி அதிகாலை மூன்றரைக்குக் கிளம்புங்கள். அப்போதும் நெரிசல் என்றால் ஓஎம்ஆர் வழியாகத் திருப்போரூர் போய்ச் செங்கல்பட்டைப் பிடிக்கலாம்; பண்டிகைக்குப் பண்டிகை போலீசார் சொல்லும் மாற்று வழியும் அதுதான். டயர் காற்றை முந்தின நாள் டயர் சூடேறுமுன் பாருங்கள். ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் முழுச் சுமைக்கென்று தனி அளவு இருக்கும், வழக்கமாக அடிக்கும் அளவு பத்தாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு நிறுத்தம், முடிந்தால் ஓட்ட இரண்டாவது ஆள்.

திரும்பும் சாமான்

போகும்போது துணிப்பையும் இனிப்புப் பெட்டியும்தான். திரும்பும்போது பொங்கல்படி சேரும்: பானை, அரிசி, வெல்லம், மஞ்சள் குலை, கரும்பு, பனங்கிழங்கு, கருப்பட்டி, போதாததற்கு அத்தை கட்டிக்கொடுக்கிற முறுக்கு. படுக்கைப் பெட்டியிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ இலவசம், நாலு பேர் என்றால் ஊரையே கொண்டுவரலாம். வந்தே பாரத்தில் தலைக்கு மேல் பலகை மட்டுமே, அரிசிச் சிப்பத்தை அங்கே தூக்கி வைப்பது நடக்காது. தூத்துக்குடி விமானத்தை நினைக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் 15 கிலோதான், அதைப் பானையும் கருப்பட்டியுமே தின்றுவிடும். கரும்பை முழுசாகக் கொண்டுவர ஆசைப்படாமல் இரண்டடித் துண்டாக்கி, ஈரச் சாக்கில் சுற்றிக் கட்டினால் எந்த வண்டியிலும் இருக்கைக்கு அடியில் போகும். இதே பயணம் தீபாவளிக்கு என்றால், வழியில் சிவகாசிப் பட்டாசை வாங்கி ரயிலில் ஏறாதீர்கள். ரயில்வே சட்டம் 164-ஆவது பிரிவில் மூன்றாண்டு வரை சிறை உண்டு.

ஆக, ஆறு பேருக்கான கணக்கு இப்படி வரும். தாத்தா ஆச்சிக்கு இரவு ரயிலில் தனி டிக்கெட். மருமகளும் பிள்ளைகளும் அதே வண்டியில் இன்னொரு டிக்கெட். மகனுக்கு அக்டோபரிலேயே எடுத்த எஸ்இடிசி இருக்கை. ரயிலில் இடம் கிடைத்தால் அதை விட்டுவிடலாம். திரும்புவதற்கு ஞாயிறு இரவை விட்டுவிடுங்கள், அன்றைக்கு ஊரே சென்னைக்குக் கிளம்பும். ஒரு நாள் கூடுதல் விடுப்பு கிடைக்குமானால் அதைப் போகும் பக்கம் செலவழிக்காமல், திங்கள் இரவு வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிக்கெட்டுக்கும் அறுபது நாள் கணக்கு தனி. போகும் டிக்கெட் எடுத்த கையோடு, திரும்பும் நாளுக்கு முன்பதிவு திறக்கும் காலை 8 மணிக்கும் செல்போனில் அலாரம் வைத்துவிடுங்கள்.