போல்ட்டா, பாலிசியா? ஃப்ரீமான்ட் வீட்டுக்கு ஒரு பூகம்பக் கணக்கு

கலிஃபோர்னியாவில் வீட்டுக் காப்பீடு விற்கிற கம்பெனி எதுவானாலும், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூகம்பக் காப்பீடும் வேண்டுமா என்று நம்மைக் கேட்டாக வேண்டும். சட்டம் அப்படி. 30 நாளுக்குள் பதில் போடாவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். ஃப்ரீமான்டில் வீடு வாங்கியபின் வந்த முதல் இரண்டு கடிதங்களை பீட்சா கூப்பன்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டேன். மூன்றாவது வந்த வாரம், ஹேவர்டின் பழைய நகர மண்டபத்தைத் தற்செயலாகப் பார்த்திருந்தேன். ஹேவர்டு பிளவு என்ற பூகம்பப் பிளவுக்கோட்டின் (நிலத்தடிப் பாறை உடைந்து நகரும் கோடு) மேலேயே கட்டி, மண் நகர நகர விரிசல் விட்டு, கடைசியில் பூட்டிப் போட்ட கட்டடம். அதே ஹேவர்டு பிளவு எங்கள் ஊர் எலிசபெத் ஏரிப் பக்கமாகத்தான் போகிறது. கடிதத்தை இந்த முறை பிரித்துப் படித்தேன்.

தெரிந்த விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் பூகம்பச் சேதத்துக்கு ஒரு பைசா கிடையாது. ஆனால் பூகம்பத்தால் தீப்பிடித்து வீடு எரிந்தால், அந்தத் தீச் சேதத்துக்கு இந்த மாநிலத்தில் அதே பாலிசி தந்தாக வேண்டும். பலருக்கு இது தெரியாது. கடன் கொடுத்த வங்கி பொதுவாகப் பூகம்பக் காப்பீட்டைக் கேட்பதில்லை. அபாயம் எவ்வளவு என்றால், 2014 முதல் 2043க்குள் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 6.7 அளவு அல்லது அதற்கு மேற்பட்ட நடுக்கம் ஒன்றாவது வர 72 சதவீத வாய்ப்பு என்கிறது அமெரிக்க நிலவியல் ஆய்வு மையம். ஹேவர்டு பிளவு கடைசியாகப் பெரிதாக ஆடியது 1868இல்.

பாலிசி பெரும்பாலும் வருவது கலிஃபோர்னியா எர்த்க்வேக் அத்தாரிட்டியிடமிருந்து. 1994 நார்த்ரிட்ஜ் நடுக்கத்தில் கை சுட்டுக்கொண்ட கம்பெனிகள் வீட்டுக் காப்பீடு விற்பதற்கே தயங்கியதால், 1996இல் மாநிலம் உருவாக்கிய அமைப்பு அது. தனியார் பாலிசிகளும் உண்டு. இரண்டு விசாரித்தேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை, விட்டுவிட்டேன்.

எனக்கு எல்லாமே ஒரு வார்த்தையில்தான் வந்து நின்றது: டிடக்டிபிள். அதாவது, கம்பெனி பணம் தரத் தொடங்கும் முன் சேதத்தில் நாமே ஏற்க வேண்டிய தொகை. கார் இன்சூரன்ஸில் அது 500, 1,000 டாலர். இங்கே அது சதவீதம். சேதத்தில் சதவீதம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இல்லை, வீட்டுக்கு எடுத்த மொத்தக் காப்பீட்டுத் தொகையில் சதவீதம். எங்கள் வீட்டைத் திரும்பக் கட்ட 6 லட்சம் டாலர் ஆகும் என்று போட்டிருந்தார்கள் (சந்தை விலை இதைவிட மிக அதிகம், ஆனால் மண்ணுக்குக் காப்பீடு கிடையாது). 15 சதவீத டிடக்டிபிள் என்றால் முதல் 90,000 டாலர் நம் தலையில். புகைபோக்கி சாய்ந்து, சுவர்கள் பிளந்து, 70,000 டாலர் செலவு வந்தாலும் வீட்டுச் சேதத்துக்குப் பாலிசியிலிருந்து வருவது அநேகமாகப் பூஜ்யம். 5, 10 சதவீதமும் உண்டே என்றால், 1980க்கு முன் கட்டி, தரைக்கும் வீட்டுக்கும் நடுவே இடைவெளி விட்டு, இன்னும் பலப்படுத்தாமல் இருக்கும் வீட்டுக்கு அவற்றைத் தருவதில்லை. எங்கள் வீடு 1958. பிரீமியம் வருஷத்துக்கு 2,100 டாலர் சொன்னார்கள்.

ஆக, இந்தப் பாலிசி விரிசலுக்கு அல்ல. வீடே படுத்துவிட்டால் மட்டும்தான். அப்படியானால் என் வீடு எதனால் படுக்கும்? இதைக் கேட்டுக்கொண்டு ஒரு காண்ட்ராக்டரைக் கூப்பிட்டேன். டார்ச்சோடு தரைக்கு அடியில் தவழ்ந்து போனவர், முக்கால் மணி நேரம் கழித்துச் சிலந்தி வலையோடு வெளியே வந்து போனில் படம் காட்டினார். கான்கிரீட் அஸ்திவாரம், அதன் மேல் நீள மரக்கட்டை, அதன் மேல் வீடு. கட்டைக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே ஒரு போல்ட் கூட இல்லை. டீக்கடை பெஞ்சு மாதிரி வீடு சும்மா உட்கார்ந்திருந்தது. 1989 லோமா ப்ரியேட்டா நடுக்கத்தில் அஸ்திவாரத்திலிருந்து நழுவி விழுந்த பழைய மரவீடுகளின் கதை இதுதான்.

வேலை மூன்று நாள். கட்டையைத் துளைத்து அஸ்திவாரத்தோடு போல்ட், அடியில் இருக்கும் குட்டைச் சுவர்களுக்கு உள்பக்கம் பிளைவுட், வாட்டர் ஹீட்டருக்கு இரண்டு இரும்புப் பட்டை. மொத்தம் 6,800 டாலர். இதில் 3,000 டாலரை 'எர்த்க்வேக் பிரேஸ் அண்ட் போல்ட்' என்ற மாநிலத் திட்டம் தந்தது. பெயர் பதிந்துவிட்டுக் குலுக்கலில் வரும்வரை காத்திருக்க வேண்டும். வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து அனுப்பாமல் பணம் வராது. கையிலிருந்து போனது 3,800. இரண்டு வருஷ பிரீமியத்தைவிடக் குறைவு. ஒரு தடவை கொடுத்தால் போதும், புதுப்பிக்கத் தேவையில்லை. வீட்டை விற்கும்போதும் காட்டலாம்.

போல்ட் அடித்தபின் பாலிசியிலும் தள்ளுபடி உண்டு, குறைந்த டிடக்டிபிளும் திறக்கிறது. அதனால் இரண்டும் எடுக்க நினைப்பவர்களும் போல்ட்டை முதலில் முடிப்பதுதான் லாபம். நான் போல்ட்டோடு நிறுத்திக்கொண்டேன். பிரீமியப் பணத்தைத் தனிக் கணக்கில் போடுகிறேன். அது 90,000 ஆக நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகும், தெரியும். வீடு விழாது என்று நான் பந்தயம் கட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

மில்பிடாஸில் இருக்கும் நண்பர் கதை வேறு. டவுன்ஹவுஸ், அதாவது சுவரோடு சுவராக ஒட்டிக் கட்டிய வரிசை வீடு. போல்ட் அடிக்க அவருக்கென்று தனி அஸ்திவாரம் கிடையாது, வீட்டு உரிமையாளர் சங்கத்தின் பொதுப் பாலிசியில் பூகம்பம் இல்லை. கட்டடம் உடைந்தால் பழுதுச் செலவைச் சங்கம் வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துவிடும். அந்தப் பங்குக்காகவே அவர் பாலிசி எடுத்தார். அவர் இடத்தில் நானும் எடுத்திருப்பேன். கடனை அடைத்துவிட்டு, சொத்து முழுக்க அந்த ஒரே வீட்டில் இருக்க, ஓய்வு பெறப் போகிறவர்களும் யோசிக்க வேண்டும். வீட்டில் இருக்க முடியாமல் வெளியே வாடகைக்குப் போனால் வரும் செலவுக்குப் பாலிசி தரும் பணத்தில் டிடக்டிபிள் கிடையாது. என் மனைவி இன்றுவரை இதைத்தான் சொல்லிக் காட்டுகிறாள், என்னிடம் சரியான பதில் இல்லை.

இழப்பீடு உண்மையில் எப்படி வருகிறது என்பதில் எனக்கு அனுபவம் இல்லை, நண்பருக்கும் இல்லை. பெரிய நடுக்கம் வந்து அத்தாரிட்டியின் கையிருப்பு போதாமல் போனால், இழப்பீட்டை விகிதப்படி குறைக்கலாம் என்று பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. அவர் அதைப் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த கடிதம் ஜூனில் வரும். பிரிப்பேன். 10 சதவீத டிடக்டிபிளுக்கு என்ன சொல்கிறார்கள் என்று மட்டும் பார்க்க வேண்டும்.