ஊர்ச் சங்கமா, தேசிய ஆவணக் காப்பகமா?

ஒரு தெருவையோ குடும்பத்தையோ தேடினால் நான் முதலில் உள்ளூர் வரலாற்றுச் சங்கத்துக்குத்தான் போவேன். கடைக் கணக்கு நோட்டு, பின்பக்கம் பென்சிலால் பெயர் குறித்த பள்ளிக்கூடப் புகைப்படம் என யார் வீட்டுப் பரணிலிருந்தோ வந்தவை அங்கே கிடைக்கும். பட்டியல் அரைகுறைதான், பொறுப்பாளரிடம் பேச்சுக் கொடுத்தால் வேலை நடக்கும்.

தேசியக் காப்பகத்தில் இருப்பது அரசு எழுதியது: ராணுவப் பதிவேடு, குடியேற்றப் பட்டியல். எந்தத் துறை எழுதியிருக்கும் என்று யூகித்துத் தேட வேண்டும்.

பெரியது என்பதால் எல்லாம் இருக்கும் என்றில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கம் 1791இலேயே தொடங்கிவிட்டது; தேசியக் காப்பகம் வந்தது 1934இல். அதற்குள், 1890 மக்கள்தொகைக் கணக்கேடுகள் 1921 தீவிபத்தில் சிதைந்துவிட்டன; அப்புறம் பெரும்பாலும் அழிந்தேபோயின. அந்தத் தலைமுறையைத் தேடுபவருக்கு ஊர்க் காகிதங்கள்தான் கதி.