கோப்பை இல்லாத குஜோ, கோப்பைகளோடு காத்திருக்கும் ஆஸ்குட்

ஐஸ் ஹாக்கியில் இரண்டு கோல்கீப்பர்கள். வட அமெரிக்காவின் என்ஹெச்எல் லீக் ஆட்டங்களில் முதலாமவர் தம்மை நோக்கி வந்த ஆயிரம் ஷாட்டுக்கு 906ஐத் தடுத்தார், இரண்டாமவர் 905ஐ. லீக் முடிந்தபின் ஸ்டான்லி கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் ஆட்டங்களில் முதலாமவர் ஆயிரத்துக்கு 917, இரண்டாமவர் 916. ஒரு கோல்கூட விடாமல் முடித்த லீக் ஆட்டங்கள் 51, 50. பிளேஆஃபில் அதே கணக்கு 16, 15. இரட்டைப் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல் போல இருக்கிறது.

முதலாமவர் கர்ட்டிஸ் ஜோசப். இரண்டாமவர் கிறிஸ் ஆஸ்குட். டொரண்டோவில் இருக்கும் ஹாக்கி புகழ்மண்டபத்துக்குள் நுழையும் தகுதிக் காலம் ஜோசப்புக்கு 2012இலும் ஆஸ்குடுக்கு 2014இலும் தொடங்கியது. 2025ஆம் ஆண்டுப் பட்டியல் வரை இருவர் பெயரும் வரவில்லை. இதில் என்னை உறுத்துவது, இருவரையும் வெளியே நிறுத்தச் சொல்லப்படும் காரணங்கள் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை என்பதுதான். ஜோசப்பிடம் கோப்பை இல்லையாம். ஆஸ்குடிடம் மூன்று கோப்பைகள் இருக்கின்றன, ஆனால் அவை அவருடைய அணி வென்றவையாம்.

தேர்வு நடக்கும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். கடைசி ஆட்டம் முடிந்து மூன்று ஆண்டுகள் கழிய வேண்டும். தேர்வுக் குழுவில் 18 பேர், அவர்களில் 14 பேராவது ஆதரிக்க வேண்டும். ஓர் ஆண்டில் ஆண் வீரர்கள் அதிகபட்சம் நான்கு பேர், பெண்கள் இரண்டு பேர். யாருக்கு எத்தனை வாக்கு விழுந்தது என்பதை வெளியிடுவதில்லை. அதனால் ஜோசப் ஒரே ஒரு வாக்கில் தவறினாரா, அவர் பெயரை யாரும் முன்மொழியவே இல்லையா என்பது வெளியே இருக்கும் எவருக்கும் தெரியாது. இத்தனை ஆண்டுகள் காத்திருக்கும் ஒருவருக்கு அதையாவது சொல்லியிருக்கலாம்.

ஜோசப்பின் கதை, அணிகள் இளம் வீரர்களை வரிசையாக எடுத்துக்கொள்ளும் டிராஃப்டில் எவரும் தேர்ந்தெடுக்காத ஓர் இளைஞனின் கதை. ஒண்டாரியோ மாகாணத்தின் கெஸ்விக் ஊர்க்காரர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்காக ஒரு பருவம் ஆடினார். 1989இல் செயின்ட் லூயிஸ் புளூஸ் அணி அவரை எடுத்துக்கொண்டது. அவருடைய பெயரின் இரு பகுதிகளிலிருந்தும் முதல் எழுத்துகளைச் சேர்த்து ரசிகர்கள் 'குஜோ' என்று அழைத்தார்கள். பற்களைக் காட்டிச் சீறும் நாயை முகமூடியில் வரைந்துகொண்டு அவர் களமிறங்கினார்.

1993 வசந்தத்தில் நடந்ததைப் பாருங்கள். புளூஸ் தன் பிரிவில் நான்காவதாகத் தட்டுத்தடுமாறி பிளேஆஃபுக்குள் வந்த அணி. எதிரே பிரிவின் முதலிடத்தைப் பிடித்த சிகாகோ பிளாக்ஹாக்ஸ். சிகாகோவின் கோலில் எட் பெல்ஃபோர் நின்றார். சிறந்த கோல்கீப்பருக்கான வெசினா விருது அந்த ஆண்டு அவருக்குத்தான் போனது. ஜோசப் அடுத்தடுத்த இரண்டு ஆட்டங்களில் ஒரு கோலும் விடவில்லை. நான்கே ஆட்டங்களில் சிகாகோ வீட்டுக்குப் போனது. அடுத்த சுற்றின் முதல் ஆட்டத்தில் டொரண்டோ மேப்பிள் லீஃப்ஸ் இவர்மீது அறுபதுக்கும் மேற்பட்ட ஷாட்களைத் தொடுத்தது. இரண்டாவது கூடுதல் நேரத்தில் டக் கில்மோர் கோலின் பின்புறமிருந்து சுற்றி வந்து அடித்த கோலில்தான் ஜோசப் தோற்றார். அந்தத் தொடரை ஏழாவது ஆட்டம் வரை இழுத்தவர் அவர்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிறகு எட்மண்டன். 1997இல் அவர் ஆடிய ஆயிலர்ஸ், லீக்கின் இரு பாதிகளில் ஒன்றான தன் மாநாட்டில் ஏழாம் இடத்து அணி, டாலஸ் ஸ்டார்ஸ் இரண்டாம் இடம். ஏழாவது ஆட்டம், கூடுதல் நேரம். டாலஸின் ஜோ நியுவெண்டைக்குக்கு முன்னால் கோல் வாய் பிளந்து கிடந்தது. ஜோசப் மறுபக்கத்திலிருந்து உடலை முழுவதுமாக வீசி, 'பக்' எனப்படும் அந்த ரப்பர் வட்டைக் கையுறையால் பிடித்தார். சற்று நேரத்தில் டாட் மார்ச்சண்ட் ஓடிப்போய் மறுமுனையில் கோல் அடிக்க, தொடர் எட்மண்டனுக்கு. இந்தக் காட்சியை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். அவர் கை அந்த இடத்துக்கு எப்படிப் போனது என்பது இன்னும் விளங்கவில்லை. மறு ஆண்டு எதிரே கொலராடோ. கோலில் பாட்ரிக் ராய். எட்மண்டன் தொடரில் 3-1 என்று பின்தங்கியிருந்தது. அடுத்த மூன்றையும் வென்றது. அவற்றில் ஆறாவது, ஏழாவது ஆட்டங்களில் கொலராடோவால் ஒரு கோல்கூட அடிக்க முடியவில்லை.

டொரண்டோவுக்குப் போன பின் 1999இலும் 2002இலும் லீஃப்ஸ் மாநாட்டு இறுதி வரை சென்றது. 1999இல் வெசினா வாக்கெடுப்பில் அவருக்கு இரண்டாம் இடம். முதலிடம் டொமினிக் ஹாஷெக்குக்கு. ஹாஷெக், ராய், மார்ட்டின் ப்ரோடர், பெல்ஃபோர் ஆகிய நால்வரும் ஒரே காலத்தில் ஆடிய லீக்கில் வெசினா கிடைக்கவில்லை என்பதைக் குறையாகச் சொல்பவர்கள், அந்த நால்வரில் யாரை நகர்த்திவிட்டு இவருக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும்.

மொத்தம் 943 ஆட்டங்கள், 454 வெற்றிகள். ஓய்வு பெற்றபோது வெற்றிக் கணக்கில் லீக் வரலாற்றிலேயே நான்காவது. 352 தோல்விகளும் உண்டு. அதிகத் தோல்விக் கணக்கில் அன்று அது பழைய கோல்கீப்பர் கம்ப் வோர்ஸ்லியோடு பங்கிட்ட சாதனை. எதிர்ப்பாளர்கள் இதைச் சுட்டிக்காட்டுவார்கள். வோர்ஸ்லி புகழ்மண்டபத்தில் இருக்கிறார். அந்த எண்ணைத் தாண்டி 397 வரை போன ப்ரோடரும் இருக்கிறார். இத்தனை முறை தோற்க வேண்டுமானால் இத்தனை ஆண்டுகள் ஓர் அணி உங்களை நம்பிக் கோலில் நிறுத்த வேண்டும்.

ஜோசப்புக்கு எதிராக நான் மதிக்கும் வாதம் ஒன்றே ஒன்று. 2002 சால்ட் லேக் ஒலிம்பிக்கில் கனடாவின் முதல் ஆட்டத்தில் கோல் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. ஸ்வீடன் 5-2 என்று வென்றது. அடுத்த ஆட்டத்திலிருந்து ப்ரோடர் நின்றார், கனடா தங்கம் வென்றது. மிகப் பெரிய மேடை கிடைத்த அன்று அவர் சறுக்கினார். அதை மறைக்க முடியாது.

ஆஸ்குட் எல்லா விதத்திலும் வேறு வார்ப்பு. ஆல்பர்ட்டாவின் பீஸ் ரிவர் ஊரில் பிறந்தவர். 1991 டிராஃப்டில் 54ஆவதாக டெட்ராய்ட் ரெட் விங்ஸ் எடுத்தது. வண்ணம் தீட்டிய முகமூடிகளின் காலத்தில் பழைய மாதிரி ஹெல்மெட்டும் கம்பிக் கூண்டும் போதும் என்றிருந்தவர். பாய்ந்து பிடிக்கும் சாகசமும் அவரிடம் குறைவு. சரியான இடத்தில் நின்றால் பாய வேண்டியதில்லை என்பதுதான் அவர் ஆட்டம். காட்சித் துண்டுகளில் அது அழகாகத் தெரியாது.

1994இல் அவருக்கு வயது 21. முதலிடத்து டெட்ராய்ட், எட்டாமிடத்து சான் ஹோசேயோடு ஏழாவது ஆட்டம் ஆடுகிறது. பக்கை வெளியே தள்ள கோலை விட்டு வந்தார். தள்ளியது நேராக ஜேமி பேக்கரிடம் போனது. கோலில் ஆளில்லை, பேக்கர் அடித்தார். பருவம் முடிந்தது. உடைமாற்றும் அறையில் அழுதுகொண்டே பத்திரிகையாளர்களுக்குப் பதில் சொன்னார். அந்த இரவோடு காணாமல் போன கோல்கீப்பராக அவர் ஆகியிருக்கலாம். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரே பருவத்தில் டெட்ராய்ட் 62 ஆட்டங்களை வென்றது. அவற்றில் 39 அவருடையவை. வெசினாவில் இரண்டாம் இடமும் வந்தது.

1997 கோப்பையை மைக் வெர்னன் கோலில் நின்று வென்றார், ஆஸ்குட் பெஞ்சில். அதை அவர் கணக்கில் நான் சேர்க்கமாட்டேன். 1998 முழுக்க அவருடையது. அந்த ஆண்டு பிளேஆஃப் ஓட்டத்தில் மைய எல்லையை ஒட்டி அடித்த ஷாட்களைக்கூட அவர் விட்டிருக்கிறார். டாலஸின் ஜேமி லாங்கன்ப்ரன்னர் கூடுதல் நேரத்தில் அப்படி அடித்த கோல் இன்றும் அவரைக் கேலி செய்யப் பயன்படுகிறது. அடுத்த ஆட்டத்திலேயே அவர் டாலஸுக்கு ஒரு கோலும் கொடுக்காமல் தொடரை முடித்தார் என்பதைக் கேலி செய்பவர்கள் சொல்வதில்லை.

2001இல் டெட்ராய்ட் ஹாஷெக்கை வாங்கியதும் ஆஸ்குட் நியூயார்க் ஐலண்டர்ஸுக்குப் போனார். 1994க்குப் பிறகு பிளேஆஃப் பக்கமே போகாத அணி அது. அவர் வந்த முதல் பருவத்திலேயே போனது. 'அணிதான் வென்றது' என்பவர்கள் இந்தப் பருவத்தை எப்போதும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

2005இல் டெட்ராய்ட் திரும்பினார். 2008 பிளேஆஃபில் முதல் சுற்றில் நாஷ்வில்லுடன் தொடர் 2-2. தடுமாறிய ஹாஷெக்கை எடுத்துவிட்டு ஆஸ்குடை நிறுத்தினார்கள். அடுத்தடுத்து ஒன்பது வெற்றிகள். இறுதித் தொடரில் சிட்னி கிராஸ்பியும் எவ்கெனி மால்கினும் இருந்த பிட்ஸ்பர்க்குக்கு முதல் இரண்டு ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட இல்லை. அந்த ஓட்டத்தில் அவருக்கு 14 வெற்றி, 4 தோல்வி, ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக விட்ட கோல் 1.55. மறு ஆண்டு லீக் ஆட்டங்களில் மிக மோசமாக ஆடினார், ஆயிரத்துக்கு 887தான். பிளேஆஃப் தொடங்கியதும் 926. இறுதியின் ஏழாவது ஆட்டத்தை 2-1 என்று இழந்தார். முடிவில் 401 லீக் வெற்றிகள், 216 தோல்விகள், பிளேஆஃபில் 74 வெற்றிகள்.

இந்த இருவர் பாதையும் ஒரே ஊரில் குறுக்கிட்டதுதான் இந்த வழக்கின் மையம். 2002 கோடையில் ஹாஷெக் கோப்பையோடு ஓய்வை அறிவித்ததும் (பிறகு திரும்பி வந்தார்), கோப்பை தேடி ஜோசப் டெட்ராய்ட் வந்தார். ஆஸ்குட் அப்போது வெளியூரில். 'டெட்ராய்ட் கோலில் யார் நின்றாலும் கோப்பை வரும்' என்ற கூற்றைச் சோதிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது. 2003இல் அனஹைம் நான்கே ஆட்டங்களில் டெட்ராய்டை வெளியேற்றியது. அந்த நான்கிலும் சேர்த்து டெட்ராய்ட் அடித்தவை ஆறு கோல்கள். 2004இல் கால்கரியிடம் ஐந்தாவது ஆட்டம் 1-0, ஆறாவது ஆட்டம் கூடுதல் நேரத்தில் மீண்டும் 1-0. இரண்டு இரவுகளில் ஜோசப் விட்டது இரண்டே கோல்கள். அவருக்கு முன்னால் ஆடிய அணி அடித்தது ஒன்றுமில்லை.

ஆக, டெட்ராய்டில் நின்றால் கோப்பை தானாக வராது. இது ஆஸ்குடுக்குச் சாதகமான சான்று. அற்புதமாக ஆடினாலும் முன்வரிசை கோல் அடிக்காவிட்டால் கோப்பை வராது. இது ஜோசப்புக்குச் சாதகமான சான்று. கோப்பை கோல்கீப்பரின் கணக்கு என்று குழு கருதினால் ஆஸ்குட் உள்ளே இருக்க வேண்டும். அணியின் கணக்கு என்று கருதினால் அது இல்லாததை ஜோசப்மீது சுமத்தக் கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொண்டு இருவரையும் வாசலில் நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இருவரையும் வெளியே நிறுத்தும் வாதத்தைக் குழுவே தன் பழைய தீர்ப்புகளால் பலவீனப்படுத்தியிருக்கிறது. 2022இல் ராபர்ட்டோ லுவாங்கோவை முதல் வாய்ப்பிலேயே எடுத்தார்கள். 489 வெற்றிகள், கோப்பையும் இல்லை, வெசினாவும் இல்லை. அவர் தடுப்பு விகிதம் ஜோசப்பைவிட நன்றாக உயர்ந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கோப்பை கட்டாயமில்லை என்று அன்றே முடிவாகிவிட்டது. 2023இல் வெர்னனை எடுத்தார்கள். 385 வெற்றிகள், இரண்டு கோப்பைகள், 1997 பிளேஆஃபின் சிறந்த வீரர் விருது. அந்த விருதைத் தவிர எதில் அவர் ஆஸ்குடைவிட உயர்ந்தவர் என்று எவ்வளவு தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை.

வரிசையும் நீள்கிறது. லீக்கின் மிக மதிப்புமிக்க வீரருக்கான ஹார்ட் விருதையும் வெசினாவையும் 2015இல் ஒரே ஆண்டில் வென்ற கேரி பிரைஸுக்குத் தகுதி வந்த 2025இல் இடம் கிடைக்கவில்லை. அவர் இவர்கள் இருவருக்கும் முன்னால் போவார், போகவும் வேண்டும். முன்வரிசையில் 538 கோல் அடித்த கீத் தகாச்சுக் என்பவரும் 2006இல் கரோலைனாவுக்குக் கோப்பை வாங்கித் தந்த கேப்டன் ராட் பிரிண்டமோரும் நிற்கிறார்கள். அலெக்சாண்டர் மொகில்னியை நினைத்துக்கொள்கிறேன். 1992-93இல் 76 கோல் அடித்தவர். 2009இல் தகுதி பெற்று 2025இல்தான் உள்ளே போனார்.

என் கையில் ஒரே ஒரு வாக்கு இருந்தால் ஜோசப்புக்குப் போடுவேன். அவர் ஆடிய அணிகள் பெரும்பாலும் அவரில்லாமல் இரண்டாம் சுற்றைக் கண்டிருக்காது. ஆஸ்குட் ஆடிய டெட்ராய்ட் அவரில்லாமலும் 2002இல் கோப்பை வென்றது. இருவருக்கும் நான் காணும் இடைவெளி அவ்வளவுதான். மறு ஆண்டும் வாக்கு கிடைத்தால் தயங்காமல் ஆஸ்குட் பெயரை எழுதுவேன், 2008 இறுதியின் முதல் இரண்டு ஆட்டங்களுக்காகவும், 1994 இரவுக்குப் பின் திரும்பி வந்து மறுபடி கோலில் நின்றதற்காகவும்.